புளித்தண்ணீரில் தொடங்கிய ஒயின் நோட்டு

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் 22 வருடமாக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மே கடைசியில் சீசன் தொடங்கினால் லாரி லாரியாக பெங்களூரா மாங்காய் வந்து இறங்கும். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு சொட்டுக் கூழை ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, எழுதுவேன். பிறகு புளிப்பு எவ்வளவு என்று டைட்ரேஷன் போடுவேன். அளக்காமல் ஒரு டப்பா கூட ஆலையை விட்டு வெளியே போகாது.

ஒரு வருடத்துக்கு முன் டிசம்பரில் ரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.2 வந்தது. சர்க்கரை நோய் இல்லை, ஆனால் அதன் வாசலில் நிற்கிறீர்கள் என்றார் மருத்துவர். குடிப்பீர்களா என்று கேட்டார். எப்போதாவது என்றேன். "எப்போதாவது என்றால் வாரத்துக்கு எத்தனை மில்லி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அளப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு அந்தக் கேள்வி உறைத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். அந்த நோட்டில் ஒரு வருடமாக எழுதியதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். புத்தாண்டுக்குக் குடியைக் குறைக்க வேண்டும், குடிப்பதையும் ருசி அறிந்து குடிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது உதவும்.

சிலருக்கு இது பொருந்தாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை குடிக்காதவர்கள் ஒயினுக்காகத் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஒரு சொட்டும் கூடாது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். ஒரு கிளாஸ் உள்ளே போனால் நிறுத்த முடியாது என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அளவுக் கணக்கு உதவாது. அவர்களுக்கு முழுதாக விடுவதுதான் வழி. தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் ஜனவரி 1 அன்று திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகலாம். உயிருக்கே ஆபத்து. மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446.

முதல் வேலை: கிராமில் எழுதுங்கள்

கட்டிங், குவார்ட்டர், பெக், கிளாஸ் என்று பேசினால் கணக்கு வராது. உள்ளே போன ஆல்கஹால் எத்தனை கிராம் என்று பாருங்கள். மில்லியை பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தால் ஆல்கஹால் எத்தனை மில்லி என்று வரும். அதை 0.8ஆல் பெருக்கினால் கிராம்.

குவார்ட்டர் பிராந்தி 180 மி.லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 62 கிராம். 5 சதவீத பீர் 650 மி.லி. பாட்டில் என்றால் 26 கிராம். அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 42 கிராம் நெருங்கும். 12.5 சதவீத ஒயின் 100 மி.லி. சரியாக 10 கிராம். முழு பாட்டில் 750 மி.லி. ஒயின் 75 கிராம். அதாவது ஒரு குவார்ட்டர் அடிப்பவர் முக்கால் பாட்டிலுக்கும் மேலான ஒயினில் இருக்கிற ஆல்கஹாலைத்தான் ஒரே உட்காரலில் இறக்குகிறார். இதை எழுதிப் பார்க்கிற வரை எனக்கே நம்பிக்கை வரவில்லை.

என் பழைய கணக்கு சனிக்கிழமை ஒரு குவார்ட்டர், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பீர். வாரத்துக்கு 88 கிராம், வருடத்துக்கு நாலரைக் கிலோ. கல்யாணம், காதுகுத்து, கெடா வெட்டு எதுவும் இதில் சேரவில்லை.

அடுத்து ஊற்றும் அளவு. ஆலையில் கழித்துப் போட்ட 100 மி.லி. அளவுக் குடுவை ஒன்று வீட்டில் இருந்தது. மைத்துனனிடம் கொடுத்து, "வழக்கமா ஊத்துற மாதிரி ஒரு கிளாஸ் ஒயின் ஊத்து" என்றேன். அவன் ஊற்றியதைக் குடுவையில் அளந்தேன். முதல் தடவை 100 வந்தது, கிளாஸில் மீதி இருந்தது. மறுபடி ஊற்றினேன். 90 வந்தது. ஆக 190. அவன் அதை ஒரு கிளாஸ் என்றுதான் நினைத்திருந்தான். உங்கள் வீட்டில் குடுவை இல்லையென்றால் இருமல் மருந்தோடு வரும் சிறிய மூடியை எடுத்துத் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். 100 மி.லி. எங்கே வருகிறதோ அங்கே கிளாஸின் வெளிப்பக்கம் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டு கிளாஸ் இரண்டில் சிவப்புக் கோடு இருக்கிறது.

பிராந்தியையும் பீரையும் விட்டு ஒயினுக்கு மாறி நான் வைத்துக்கொண்ட எல்லை இதுதான்: வாரத்துக்கு மூன்று கிளாஸ், கிளாஸுக்கு 100 மி.லி., அடுத்தடுத்த நாளில் கிடையாது, ஒரே நாளில் இரண்டுக்கு மேல் கிடையாது. வாரத்துக்கு 30 கிராம். எல்லாருக்கும் இதே எண் சரி என்று சொல்ல மாட்டேன். உங்கள் டிசம்பர் மாதக் கணக்கை முதலில் நேர்மையாக எழுதுங்கள், அதில் பாதியில் தொடங்குங்கள்.

ஒயின் மருந்து இல்லை

நோட்டின் முதல் பக்கத்தில் என் மனைவி ஒரு வரி எழுதச் சொன்னாள். "ஏங்க, இது மருந்தா மதுவா? எதுன்னு முதல்ல எழுதிட்டு அப்புறம் பாட்டிலைத் திறங்க." மது என்று எழுதினேன். அப்படி எழுதியதில் பெரிய தெளிவு கிடைத்தது.

நம் பக்கம் ஒயின் குடித்தால் ரத்தம் ஊறும், நிறம் வரும், இதயத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் நிறையப் பேர். இதயம் பற்றிய பேச்சு பரவிய விதம் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் கொழுப்பு நிறையத் தின்றும் மாரடைப்பு குறைவாக இருக்கிறதே, ஒருவேளை சிவப்பு ஒயினால் இருக்குமோ என்று 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. அங்கே சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. பிறகு திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெராட்ரால் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஒயினில் அது இருக்கும் அளவு மிக மிகச் சொற்பம். ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே முதல் வகைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொன்னது. அதனால் ருசிக்காக, கூட்டத்துக்காக, கொஞ்சமாகக் குடிக்கிறேன் என்று ஒத்துக்கொள்ளுங்கள். உடம்புக்காக என்று சொல்லிக்கொண்டு குடிக்காதீர்கள். ரத்தம் ஊற முருங்கைக்கீரை இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது.

நாக்கைப் பழக்க ஒயின் தேவையில்லை

எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒயினில் ருசி பார்க்க வேண்டியவை புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு, வாசனை. ஐந்தில் நான்கை ஒயினே இல்லாமல் வீட்டில் பழகலாம். தருமபுரிப் புளிக்கும் ஒயினுக்கும் உறவு உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மாம்பழத்தில் முக்கியமானது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பது. புளியில் முக்கியமானது டார்டாரிக் அமிலம். ஒயின் திராட்சையிலும் அதேதான். ஒயின் பாட்டிலை ரொம்ப நாள் ஃப்ரிட்ஜில் வைத்தால் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி பளபளவென்று படியும். பயந்து கொட்டிவிடாதீர்கள். அது இந்த டார்டாரிக் அமிலத்தின் உப்பு, படிகமாகி உட்கார்ந்திருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

ஒரு ஞாயிறு காலை நாலு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி டம்ளராக இருந்தால் நல்லது. முதலாவதில் 200 மி.லி. தண்ணீரில் கொட்டைப்பாக்கு அளவு புளியைக் கரைத்து வடிகட்டி வையுங்கள். இரண்டாவதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். மூன்றாவதில் பால் ஊற்றாத டீ, தூளைத் தாராளமாகப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டது. நாலாவதில் வெறும் தண்ணீர்.

புளித்தண்ணீரை ஒரு வாய் வைத்து விழுங்குங்கள். விழுங்கியபின் தாடை ஓரத்தில் எச்சில் ஊறும். அந்த ஊறல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். அதுதான் புளிப்பின் அளவு. டீயை வைத்துப் பாருங்கள். எச்சில் வற்றும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், ஈறு பிடிக்கும். அதுதான் துவர்ப்பு. நாவற்பழம் தின்ற வாய் இப்படித்தான் இருக்கும். அறுசுவையில் துவர்ப்பை ஒன்றாக எண்ணிப் பழகியவர்கள் நாம். வாழைப்பூவிலும் கடுக்காயிலும் பாக்கிலும் அதைத் தின்று வளர்ந்திருக்கிறோம். சிவப்பு ஒயினைக் குடித்துவிட்டுக் கசக்கிறது என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். பெரும்பாலும் அது கசப்பு இல்லை, துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது.

கடைசியாகப் புளித்தண்ணீரில் பாதியை எடுத்துச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். புளிப்பு குறைந்த மாதிரி இருக்கும். உண்மையில் மறைந்துதான் இருக்கிறது. விழுங்கியபின் எச்சில் ஊறுவதைக் கவனித்தால் உள்ளே புளிப்பு இருப்பது தெரியும். விலை மலிவான இனிப்பு ஒயின்கள் பல இந்த வேலையைத்தான் செய்கின்றன. எனக்குச் சர்க்கரை எல்லையில் இருப்பதால் இந்தப் பயிற்சி ருசிக்கு மட்டுமின்றி உடம்புக்கும் பயன்பட்டது. இனிப்பு மறைந்திருந்தால் இப்போது நாக்கு கண்டுபிடித்துவிடுகிறது.

ரிஃப்ராக்டோமீட்டரில் ஒயினை வைத்துச் சர்க்கரை பார்க்கலாமே என்று தோன்றும். நானும் வைத்துப் பார்த்தேன். இனிப்பே இல்லாத ஒயின் 7 என்று காட்டியது. ஆல்கஹால் கலந்திருந்தால் வெளிச்சம் வளைவது மாறிவிடும், எண்ணை நம்ப முடியாது. ஆனால் ஒயினாவதற்கு முன், சாறாக இருக்கும்போது அந்தக் கருவி பொய் சொல்லாது. எங்கள் பெங்களூரா கூழ் 14 பிரிக்ஸ் வந்தால் சந்தோஷம். ஒயின் திராட்சையை 22, 24 வந்தபிறகுதான் பறிப்பார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். பிரிக்ஸில் பாதிக்குச் சற்று மேல் என்று மனக்கணக்குப் போட்டால் கடைசியில் வரும் சதவீதம் கிட்டத்தட்டத் தெரியும். வெயில் நாட்டுத் திராட்சையில் சர்க்கரை ஏறுவதும் அந்த ஒயினில் ஆல்கஹால் ஏறுவதும் இதனால்தான்.

அறுவடை நமக்கு ஜனவரியில்

ஐரோப்பாவில் திராட்சை அறுவடை செப்டம்பர் வாக்கில். நம் தக்காணத்தில் அப்படி இல்லை. இங்கே குளிர் போதாது, கொடி தூங்காது. அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்கிறார்கள். கோடையில் ஒன்று, மழை ஓயும்போது செப்டம்பர் அக்டோபரில் ஒன்று. இரண்டாவது கவாத்தில் வரும் காய்தான் ஒயினுக்கு. அது ஜனவரியில் இருந்து மார்ச் வரை பழுக்கிறது. நாம் பொங்கலுக்கு நெல்லும் கரும்பும் அறுக்கும்போது நாசிக்கிலும் நந்தி மலைப் பக்கமும் ஒயின் திராட்சை பறிக்கிறார்கள். எங்கள் ஊரில் மாமரம் பூத்துக் காற்றெல்லாம் மணக்கும் மாதமும் அதுதான். புத்தாண்டில் ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நேரம் இல்லை.

கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர். அங்கிருந்து தொட்டபள்ளாப்பூர் 40 சொச்சம். 1980களின் கடைசியில், ஒயின் தொழிலில் இறங்கிய குரோவர் குடும்பம் பிரெஞ்சுத் திராட்சை வகைகளை நட்டது அந்த நந்தி மலை அடிவாரத்தில்தான். நாசிக்கில் சூலா ஒயின் ஆலை 1999இல் தொடங்கியது. போன ஜனவரியில் நானும் மைத்துனனும் ஒரு தோட்டத்துக்கு முன்பதிவு செய்து போய்ச் சுற்றிப் பார்த்தோம். கொடியில் இருந்து ஒரு கொத்தைக் கையில் கொடுத்தார்கள். பழம் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தோல் தடிப்பு, உள்ளே இரண்டு மூன்று விதை. கடித்தால் தேன் மாதிரி இனிப்பு, தோலை மென்றால் வாய் முழுக்கத் துவர்ப்பு. விரலில் கறை ஏறி மூன்று நாள் போகவில்லை. சந்தையில் விற்கும் விதையில்லாத் திராட்சையில் ஏன் நல்ல சிவப்பு ஒயின் வராது என்பது அந்த ஒரு கடியில் புரிந்தது.

பஸ்ஸில்தான் போனோம், பஸ்ஸில்தான் வந்தோம். நீங்களும் அப்படியே போங்கள். 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஓசூர் சாலையில் ராத்திரி லாரிகளுக்கு நடுவில் வண்டி ஓட்டியவர்களுக்கு அபராதத்தைவிடப் பெரிய பயம் எது என்று தெரியும். இன்னொன்று, மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி ஜூஜூவாடிக்குள் கர்நாடக பாட்டிலைக் கொண்டுவருவது இங்கே குற்றம். அங்கே ருசி பார்த்ததை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே வேண்டுமானால் டாஸ்மாக்கில் இருப்பதை வாங்குங்கள். ஒயின் வகை குறைவுதான், ஓசூர் மாதிரிப் பெரிய ஊரில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். வீட்டில் திராட்சையை ஊறப்போட்டு ஒயின் செய்வதும் சட்டப்படி கூடாது.

உலகம் போகும் திசையில் நமக்கு எது

உலகத்தில் ஒயின் குடிப்பது குறைந்துகொண்டே வருகிறது. 2024இல் உலகம் குடித்த ஒயின் சுமார் 2,140 கோடி லிட்டர். 1961க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. விலை ஏற்றம் ஒரு காரணம், இளைஞர்கள் குறைவாகக் குடிப்பது இன்னொரு காரணம். குறைத்துக் குடிக்க நினைக்கும் நீங்கள் தனி ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். சிவப்பு ஒயின் பங்கு இறங்கி, வெள்ளையும் ரோஸும் ஏறியிருக்கின்றன. நம் வெயிலுக்கு இது பொருத்தம் என்பது என் கருத்து. செனின் பிளாங்க், சாவினியான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் திராட்சை வகைகள் இரண்டும் இந்தியாவில் நன்றாக வருகின்றன. சாவினியானில் கொய்யாவும் பச்சை மிளகாயைக் கிள்ளிய வாசனையும் வரும்.

ஆல்கஹால் நீக்கிய ஒயின் இப்போது பேசப்படுகிறது. வழக்கம்போல ஒயின் செய்து, அழுத்தத்தைக் குறைத்துத் தாழ்ந்த சூட்டில் ஆல்கஹாலை ஆவியாக்கி எடுத்துவிடுகிறார்கள். எங்கள் ஆலையில் கூழைக் கெட்டியாக்குவதும் இதே வழிதான், அழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். வாசனையும் கூடவே போய்விடும் என்பது இரண்டு இடத்திலும் உள்ள சிக்கல். போனதை ஈடுகட்டச் சர்க்கரை சேர்க்கிறார்கள், லேபிளைப் படியுங்கள். நான் இரண்டு பாட்டில் வாங்கினேன், மூன்றாவது வாங்கவில்லை. நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து சோடா ஊற்றியது அதைவிட எனக்குப் பிடித்திருக்கிறது. ஒயின் இல்லாத நாளில் சனிக்கிழமை கையில் பிடிக்க ஒரு கிளாஸ் வேண்டும் அல்லவா, அதற்கு இது போதும். நான் சர்க்கரைக்குப் பயந்து நன்னாரியைக் கால் பங்காகக் குறைத்துக்கொள்கிறேன்.

ஆரஞ்சு ஒயின் என்று ஒன்று. ஆரஞ்சுப் பழம் அதில் இல்லை. வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவிட்டு எடுப்பதால் வரும் நிறம். ஜார்ஜியா நாட்டில் பெரிய மண் தாழிகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து அதில் திராட்சையைத் தோல், விதையோடு புளிக்கவிடுகிறார்கள். 2013இல் யுனெஸ்கோ அந்த முறையை மரபுப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு இன்னும் குடிக்கக் கிடைக்கவில்லை. இந்த வருட நோட்டில் அது ஒரு குறிக்கோள்.

நம் பழங்களைத் தெரிந்துகொள்வதையும் குறிக்கோளாக வையுங்கள், அதற்கு மது வேண்டாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. பன்னீர் வாசனை அந்த வகைக்கே உரியது. பெங்களூர் ப்ளூ வேறு இனம், அதன் வாசனை திராட்சை மிட்டாயில் வருமே அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடி முகர்ந்து பாருங்கள். மூக்குக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

பாட்டிலைத் திறந்தால் வரும் பிரச்சினை

வாரத்துக்கு மூன்று கிளாஸ் என்று எழுதுவது சுலபம். பாட்டிலில் ஏழரை கிளாஸ் இருக்கிறது. திறந்தால் நாலு நாளில் காற்றுப்பட்டு ருசி போய்விடும், வீணாகிறதே என்று முடித்துவிடத் தோன்றும். என் கணக்கு இரண்டு மாதம் உடைந்தது இதனால்தான். வழி இரண்டு. 375 மி.லி. பாதி பாட்டில் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மூடி இறுக்கமான 200 மி.லி. கண்ணாடி பாட்டில்கள் மூன்றை வெந்நீரில் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். ஒயினைத் திறந்த உடனே, குடிப்பதற்கு முன், இவற்றில் கழுத்துவரை தளும்ப நிரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உள்ளே காற்று இல்லாவிட்டால் ஒரு வாரம் தாங்கும். கெட்டுப்போனதைக் கொட்ட மனம் வராவிட்டால் மட்டனை ஊறவைக்க ஊற்றுங்கள்.

சூடு முக்கியம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி என்று எழுதியவர்கள் 16, 18 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதியவர்கள். சித்திரையில் எங்கள் கூடத்தில் 34 டிகிரி. அதில் சிவப்பு ஒயின் சாராய நெடி அடிக்கும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளையை நேரே ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தால் வாசனை வராது, பத்து நிமிடம் வெளியே வையுங்கள்.

சாப்பாட்டோடு குடியுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலையும் துவர்ப்பையும் தூக்கிக் காட்டும். எனவே காரத்துக்கு ஆல்கஹால் குறைந்த, லேசாக இனித்த, நன்றாகக் குளிர்ந்த வெள்ளை சரி. ஒகேனக்கல் பாணியில் மசாலா தடவி வறுத்த மீனும் குளிர்ந்த செனின் பிளாங்கும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பேசும். மிளகு தூக்கலான மட்டன் சுக்காவுக்கு ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். மிளகின் வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள்தான் ஷிராஸிலும் மிளகு வாசனையைத் தருகிறது. ராகிக் களியும் கொள்ளுக் கடைசலும் சாப்பிடும் நாளில் எந்த ஒயினும் வேண்டாம். களிக்கு மோர்தான்.

மாலை போட்ட மாதம்

ஜனவரி முழுக்கக் குடிக்காமல் இருப்பது என்ற வழக்கத்தை 2013இல் பிரிட்டனில் ஒரு தொண்டு நிறுவனம் இயக்கமாக்கியது. நமக்கு அது புதிதில்லை. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் ஒரு மண்டலம் தொடமாட்டார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களும் அப்படித்தான். குடிக்காமல் இருக்க முடியும் என்று நம் ஊர் ஆட்களுக்கு ஏற்கெனவே தெரியும். கூட்டாகச் செய்வதால் முடிகிறது, கழுத்தில் மாலை இருப்பதால் யாரும் வற்புறுத்துவதில்லை.

மாலையைக் கழற்றிய அன்றே குவார்ட்டரைத் திறப்பதுதான் எனக்கு வலிக்கிறது. ஆறு வாரம் தொடாத உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. பழைய அளவைக் குடித்தால் போதை முன்னைவிட அதிகமாக ஏறும். என்னுடன் வேலை பார்த்த ஒருவர் அப்படி ஒரு ராத்திரி வண்டியோடு விழுந்து இன்றைக்கும் கால் தாங்கித்தான் நடக்கிறார். அதனால் விரதம் தொடங்கும்போதே முடிந்தபின் முதல் வாரம் என்ன என்று எழுதிவையுங்கள். நான் எழுதியது: முடிந்தபின் பத்து நாள் எதுவும் இல்லை, பிறகு சாப்பாட்டோடு ஒரு கிளாஸ்.

விருந்தில் வற்புறுத்துவோருக்கும் ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்றால் யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. நீளமாக விளக்கம் சொல்லத் தொடங்கினால்தான் கிளாஸ் கைக்கு வந்துவிடும்.

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். தேதி, என்ன குடித்தேன், எத்தனை மில்லி, எத்தனை கிராம், யாரோடு, என்ன சாப்பாடு, நாக்கில் என்ன வந்தது, மறுநாள் காலை எப்படி இருந்தது. குடிக்காத நாளில் பூஜ்யம் என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். பூஜ்யங்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்க ஒரு நிறைவு வரும். வருடம் முடிந்து கூட்டினேன். நாலரைக் கிலோ இருந்த இடத்தில் 1,720 கிராம். எல்லை 1,560, அதைத் தாண்டியது பெரும்பாலும் ஆடியில் இரண்டு கெடா விருந்துகளால். அதையும் எழுதியிருக்கிறேன். மூன்று மாதச் சர்க்கரை 5.9. சாயங்காலம் அணை வரை நடப்பதற்கும் சோற்றைக் குறைத்ததற்கும் அதில் பெரும் பங்கு இருக்கும், ஒயினுக்கு எந்தப் பெருமையும் இல்லை.

இந்த வருட நோட்டில் முதல் பதினைந்து நாளும் பூஜ்யம். காணும் பொங்கலன்று மைத்துனன் குடும்பத்தோடு வந்தான். ஓசூரில் வாங்கிய ஷிராஸ் ஒன்றைத் திறந்து, முதலில் மூன்று சின்ன பாட்டில்களை நிரப்பி உள்ளே வைத்தோம். மிச்சத்தைச் சிவப்புக் கோடு போட்ட கிளாஸ்களில் ஊற்றினோம், ஆளுக்கு ஒரு கிளாஸ்கூட முழுசாக வரவில்லை. "மாமா, உள்ள இருந்து ஒண்ணு எடுக்கவா?" என்றான். வேண்டாம் என்றேன், அவனும் விட்டுவிட்டான். என் மனைவி குடிப்பதில்லை, ஆனால் மூக்கு அவளுக்குத்தான் கூர்மை. கிளாஸை வாங்கி முகர்ந்து, "நாவற்பழம், கொஞ்சம் மிளகு, அப்புறம் மழை பேஞ்ச மண்ணு" என்றாள். அப்படியே எழுதிக்கொண்டேன். 75 மி.லி., 13 சதவீதம், 8 கிராம், மட்டன் சுக்கா.